அத்தியாயம் 9: எண்பதாயிரம் ரூபாய் போன் யாருக்கு?

வீட்டு அட்வான்ஸ், பிஜி, பைக் எல்லாம் முடிந்த பிறகு, பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர் செய்யும் அடுத்த பெரிய செலவு அநேகமாகப் போன்தான். சிலருக்கு இந்த வரிசையே மாறிவிடும்: முதல் சம்பளம் வந்த வாரமே போன், அட்வான்ஸுக்கு ஊரிலிருந்து கடன். எண்பதாயிரம் ரூபாய் போன் பதினைந்தாயிரம் ரூபாய் போனைவிட ஐந்து மடங்கு நல்லதா என்று கேட்டால் விற்பவரே சிரித்துவிடுவார். கேட்க வேண்டியது வேறு. கூடுதலாகக் கொடுக்கும் அந்த அறுபத்தைந்தாயிரம் எதற்குப் போகிறது, அதில் உங்கள் கைக்கு வந்து சேர்வது எவ்வளவு?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் நின்று கையில் பிடித்துப் பார்க்கும்போது தெரியும் வித்தியாசங்களுக்காக இன்று யாரும் அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. அவை மலிவு போன்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. காசு கொடுக்கத் தகுந்தவை கடையில் கண்ணுக்குத் தெரியாதவை. அவை வாங்கிய இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் வெளிப்படும்.

இடைவெளி எப்படிக் குறுகியது

இந்த மாற்றத்தில் பெங்களூருக்குப் பெரிய பங்கு உண்டு. கோரமங்கலாவில் 2007-இல் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி போனைத் தன் தளத்தில் மட்டும் 12,499 ரூபாய்க்கு விற்றது. அதுவரை அந்த விலைக்கு வாங்கிய போன் தொட்டால் அசைய யோசிக்கும். அதே ஆண்டு ஜூலையில் ஷாவ்மி எம்ஐ 3 வந்தது. அன்றைய விலையுயர்ந்த போன்களில் இருந்த ஸ்னாப்டிராகன் 800 சிப்போடு, விலை 13,999. விற்பனை திறந்த சில நொடிகளில் ஸ்டாக் தீர்ந்துபோகும். அலுவலகத்தில் வேலையை ஓரம் வைத்துவிட்டு பலர் சேர்ந்து ‘பை நவ்’ பட்டனை அழுத்திக்கொண்டிருந்த காலம் அது. 2016-இல் வந்த ரெட்மி நோட் 3 கைரேகை சென்சர், உலோக உடல் என்று அப்போது உயர்ந்த வகைக்கு உரியதாக இருந்ததை 9,999 ரூபாய்க்குக் கொடுத்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. திரை வழுக்கிக்கொண்டு ஓடுகிற 120 ஹெர்ட்ஸ் அமோலெட் டிஸ்ப்ளே 2021 மார்ச்சில் ரெட்மி நோட் 10 ப்ரோவில் 15,999 ரூபாய்க்கே கிடைத்தது. 2024 செப்டம்பரில் 79,900 ரூபாய்க்கு வந்த ஐபோன் 16-இல் அது கிடையாது; 60 ஹெர்ட்ஸ்தான். அடிப்படை ஐபோனுக்கு அந்த வசதி 2025-இல் ஐபோன் 17 வந்தபோதுதான் கிடைத்தது. வேகமான சார்ஜிங்கும் இதே கதை. ஆகவே ஷோரூமில் இரண்டு போன்களை அருகருகே வைத்து, திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்து முடிவு செய்கிறவருக்கு இன்று எந்த உண்மையும் தெரியப்போவதில்லை.

கடையில் தெரியாதவை

முதலில் ஸ்டோரேஜ். 128 ஜிபி என்று பெட்டியில் போட்டிருக்கும். அது எந்த வகை என்பது பெரிய எழுத்தில் இருக்காது. மிக மலிவான போன்களில் இஎம்எம்சி என்ற பழைய வகை மெமரி இன்னும் வருகிறது. இதற்கு ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் தெரியாது. நடுத்தர போன்களில் யுஎஃப்எஸ் 2.2 அல்லது 3.1, விலை கூடியவற்றில் யுஎஃப்எஸ் 4. புதுப் போனில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. குடும்ப வாட்ஸப் குழுக்களின் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் சேர்ந்து ஸ்டோரேஜ் நிரம்பிய பிறகு பாருங்கள். ஆட்டோக்காரர் நிற்கிறார், பின்னால் ஹாரன், யுபிஐ ஆப் திறக்காமல் வெள்ளைத் திரையைக் காட்டிக்கொண்டிருக்கும். ‘போன் ஸ்லோ ஆயிடுச்சு’ என்று நாம் சொல்வதற்குப் பாதி காரணம் இதுதான். பெட்டியில் ‘8 + 8 ஜிபி ரேம்’ என்று போட்டிருப்பதில் இரண்டாவது எட்டு, இந்த ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிக் காட்டும் எட்டு. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டாவது, அப்டேட். என் கணக்கில் இதுதான் முதன்மையானது. கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தது; 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் அதையே சொன்னது. மலிவு போன்களில் பல இன்னும் இரண்டு ஆண்டோடு கையை விரித்துவிடுகின்றன. மேலே சொன்ன ரெட்மி நோட் 10 ப்ரோ ஆண்ட்ராய்டு 11-உடன் வந்து 13-உடன் நின்றுவிட்டது. அப்டேட் நின்றால் போன் நின்றுவிடாது, உண்மைதான். ஆனால் ஆப்கள் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு கிட்கேட் போன்களில் வாட்ஸப் வேலை செய்வதில்லை; அதே ஆண்டு மே மாதம் ஐபோன் 5எஸ், 6 மாடல்களுக்கும் அந்தக் கதி. பெங்களூரில் இன்னொரு சங்கடமும் உண்டு. பல ஐடி நிறுவனங்கள் அலுவலக மெயிலையும் டீம்ஸையும் சொந்தப் போனில் போட விடும்போது, பாதுகாப்பு அப்டேட் பழையதாகிவிட்டதா என்று சோதிக்கின்றன. பழையதென்றால் ஒரு திங்கட்கிழமை காலையில் மெயில் திறக்காது.

இதில் விலையை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் முடியாது. 2024 அக்டோபரில் 18,999 ரூபாய்க்கு வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு ஆறு ஆண்டு அப்டேட் அறிவித்தார்கள். அதே காலத்தில் அதைவிட விலை கூடிய பல போன்களுக்கு அதில் பாதிதான். அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதல்ல. எந்த மாதம் எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்பது. அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நிறுவனத்தின் தளத்தில் இருக்கும். எண்ண வேண்டியது அந்த மாடல் வெளியான நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

மூன்றாவது, நெட்வொர்க். 5ஜி என்று எழுதியிருந்தால் எல்லா 5ஜி-யும் ஒன்று என்று நினைத்துவிடுவோம். 2024 நவம்பரில் 8,499 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ4 5ஜி நல்ல பாடம். ஜியோ தன் 5ஜி-யைத் தனித்து இயங்கும் முறையில் அமைத்தது; ஏர்டெல் ஏற்கெனவே இருந்த 4ஜி-யின் மேல் சாய்த்து அமைத்தது. ஏ4 முதல் முறையை மட்டுமே அறிந்த போன். ஏர்டெல் சிம் வைத்திருந்தவர் 5ஜி போனை வாங்கி 4ஜி-யில் பேச வேண்டியிருந்தது. பிஜி அறைகளில் ஜன்னல் அடுத்த கட்டடச் சுவரைப் பார்த்தபடி இருக்கும். அங்கே சிக்னல் பெரும்பாலும் ஒரு கோடுதான். உங்கள் சிம் நிறுவனத்தின் வைஃபை காலிங் அந்த மாடலில் இயங்குமா என்பதையும் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, தண்ணீர். மே மாதத்து மாலை மழையில் சில்க் போர்டு சந்திப்பில் பைக்கில் மாட்டிக்கொண்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐபி68 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள நன்னீரில் குறிப்பிட்ட நேரம் தாங்கும் என்று சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். விலையுயர்ந்த போன்களில் இது வழக்கம். இப்போது நடுத்தர விலையிலும் வரத் தொடங்கிவிட்டது. ஆனாலும் தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் வாரண்டி தருவதில்லை. வெளிக்கடையில் ஒருமுறை பின்புறத்தைத் திறந்துவிட்டால் அந்த 68-ஐ மறந்துவிடலாம்.

கடைசியாக விளம்பரம். மலிவு போனின் விலையில் ஒரு பகுதியை நீங்கள் கண்ணால் கட்டுகிறீர்கள்: லாக் ஸ்கிரீனில் செய்தித் துணுக்கு, கேட்காத ஆப்கள், நோட்டிஃபிகேஷனில் லோன் விளம்பரம். லாக் ஸ்கிரீனில் ஓடும் ‘கிளான்ஸ்’ பெங்களூரின் இன்மொபி குழுமத்திலிருந்து வந்தது. செட்டிங்ஸில் தேடி நிறுத்திவிடலாம். புதுப் போன் வாங்கிய அன்றே அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

கேமரா மட்டும் தனி

லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் பகலில் போய், பதினெட்டாயிரம் போனிலும் எண்பதாயிரம் போனிலும் ஒரே செடியைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் அம்மாவால் கண்டுபிடிக்க முடியாது. வெயில் எல்லாக் கேமராவையும் நல்லதாக்கிவிடும். இதே இரண்டையும் கல்யாண மண்டபத்து வரவேற்புக்கு எடுத்துப் போங்கள். மஞ்சள் விளக்கு, ஓடும் குழந்தை, மேடையில் அசையும் முகங்கள். இங்கே பெரிய சென்சர், கை நடுக்கத்தைத் தாங்கும் ஓஐஎஸ், பல படங்களை நொடியில் சேர்த்து ஒன்றாக்கும் சிப் ஆகிய மூன்றும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மலிவு போனில் குழந்தையின் முகம் மாவாகக் கரைந்திருக்கும். வீடியோவில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்கும் ஜூமும் அப்படியே; பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்கிறவர்களுக்குத் தெரியும்.

மெகாபிக்சல் எண்ணை மறந்துவிடுங்கள். 108, 200 எல்லாம் சிறு புள்ளிகளைச் சேர்த்துப் பன்னிரண்டோ ஐம்பதோ ஆக்கித்தான் படம் தரும். மலிவு போன்களின் பின்னால் கூட்டம் சேர்ப்பதற்காக வைக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை ஒருவராவது இரண்டாம் முறை பயன்படுத்தியிருப்பார் என்று நான் நம்பவில்லை. ரீல்ஸ் எடுத்துச் சம்பாதிக்கிறீர்கள், மேக்கப் கலைஞர், கேட்டரிங் படங்கள் போடுகிறவர், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றால் விலையுயர்ந்த போனுக்கு இது ஒன்றே போதுமான நியாயம். மற்றவர்கள் தங்கள் கேலரியைத் திறந்து கடைசி நூறு படங்களைப் பார்க்கட்டும். அதில் எத்தனை பில், பார்க்கிங் இடம், வாட்டர் கேன் ரசீது, ஸ்கிரீன்ஷாட்?

‘நீண்ட நாள் உழைக்கும்’ என்ற வாதம்

விலையுயர்ந்த போனை வாங்குகிறவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. ‘ஏழு வருஷம் வச்சுப்பேன், கணக்குப் பார்த்தா சீப்தான்.’ கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஐபோன் எக்ஸ்ஆர் 2018-இல் இங்கே 76,900 ரூபாய்க்கு வந்தது. 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 அதற்குக் கிடைக்கவில்லை. அதாவது ஏழு ஆண்டு முழு ஆயுள். நடுவில் ஒரு பேட்டரி மாற்றியதை விட்டுவிட்டாலும் ஆண்டுக்குச் சுமார் 11,000 ரூபாய். ரெட்மி நோட் 10 ப்ரோவை 15,999-க்கு வாங்கி நான்கு ஆண்டு ஓட்டியவருக்கு ஆண்டுக்கு நாலாயிரம். ஏ16 போன்ற ஒன்றை ஆறு ஆண்டு இழுத்தால் மூவாயிரத்துச் சொச்சம். ஐபோனைப் பாதியில் நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இடைவெளி குறையும், மறையாது. ஆயுளைக் காட்டி விலையுயர்ந்த போனை மலிவாக்க முடியாது. நல்ல கேமரா வேண்டும், கையில் பிடித்தால் சந்தோஷமாக இருக்கிறது, நண்பர்கள் எல்லோரிடமும் இருக்கிறது, எதுவானாலும் சரி. ஆசைப்பட்டு வாங்குவதில் தப்பில்லை. அதற்குக் கணக்கைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பத்தாயிரத்துக்குக் கீழே போய் மிச்சம் பிடிப்பதும் பெரும்பாலும் பொய்க் கணக்கு. ஒன்பதாயிரம் போன் இரண்டாம் ஆண்டே பொறுமையைச் சோதித்து, மூன்றாம் ஆண்டு இன்னொன்று வாங்க வைத்தால், அதுவும் ஆண்டுக்கு நாலாயிரத்துக்கு மேல்தான். அந்த விலையில் இரண்டாவது சிம்முக்கான போன் வாங்கலாம். ஒரே போனாக வாங்காதீர்கள்.

இங்கேயே செய்கிறார்களே, ஏன் விலை குறையவில்லை என்று சிலர் கேட்பார்கள். பெங்களூர் பீன்யாவில் 2017-இல் ஐபோன் எஸ்இ பூட்டத் தொடங்கியதிலிருந்து நரசாபுரா, தேவனஹள்ளி, நம் பக்கம் ஸ்ரீபெரும்புதூர் என்று ஆலைகள் பெருகிவிட்டன. ஆனாலும் 2025-இல் வந்தபோது ஐபோன் 17-இன் விலை 82,900. இதில் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் சுமார் 12,646 ரூபாய். ஒரு பட்ஜெட் போனின் விலையை வரியாகக் கட்டுகிறீர்கள். வரியைக் கழித்தால் வருவது 70,254. அன்றைய மாற்று விலையில் அமெரிக்காவின் 799 டாலரும் ஏறக்குறைய அவ்வளவுதான். போன்களுக்கான ஜிஎஸ்டி 2020 ஏப்ரலில்தான் 12-லிருந்து 18 ஆனது. சொந்தத் தொழில் செய்து ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர்கள், போன் தொழிலுக்குத்தான் என்றால், கடையில் தங்கள் எண்ணைச் சொல்லி பில் போட்டு இந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கைகாட்டும் இடம்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இரண்டு இடங்கள். ஒன்று, பதினைந்திலிருந்து இருபத்திரண்டாயிரம்: யுஎஃப்எஸ் ஸ்டோரேஜ், உண்மையான 8 ஜிபி ரேம், குறைந்தது நான்கு ஆண்டு பாதுகாப்பு அப்டேட். இந்த மூன்றும் இருந்தால் மற்றதில் எது பிடித்தாலும் வாங்குங்கள். மற்றது, போன வருடத்து, அல்லது அதற்கும் முந்தைய வருடத்து உயர்ந்த மாடல், புதிதாகவே. ஆண்ட்ராய்டு போன்களின் விலை விழும் வேகத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளும் வழி இது. எழுபதாயிரத்துக்கு மேல் வெளியான கேலக்ஸி எஸ்24, 2025 பண்டிகை விற்பனையில் நாற்பதாயிரத்தை ஒட்டி இறங்கியது. அப்போதும் அதற்கு ஐந்து ஆண்டுக்கு மேல் அப்டேட் மிச்சம். நல்ல கேமரா, தண்ணீர்க் காப்பு, வேகமான ஸ்டோரேஜ் எல்லாம் பாதி விலைக்கு. ஐபோன் இவ்வளவு விழாது. புது மாடல் வந்ததும் பழையதன் விலையைப் பத்தாயிரம் குறைப்பது வழக்கம். 79,900-க்கு வந்த ஐபோன் 15, அடுத்த ஆண்டு 69,900.

காலத்தையும் கவனியுங்கள். ஆப்பிள் செப்டம்பரிலும் சாம்சங் எஸ் வரிசை ஆண்டுத் தொடக்கத்திலும் வரும். அதற்கு முந்தைய மாதம் பழைய மாடலை முழு விலைக்கு வாங்குவது வீண். ஃபிளிப்கார்ட் 2014-இல் தொடங்கிய பிக் பில்லியன் டேஸ் ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டி வரும். அமேசானும் அதே வாரம் திறக்கும்.

ஸ்விக்கி, ரேபிடோ, நம்ம யாத்ரி என்று போனை வைத்தே பிழைக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. வெயிலில் மேப் தெரியும் அளவுக்குத் திரை வெளிச்சம், பெரிய பேட்டரி, மழைக் காப்பு, சட்டென்று இடத்தைப் பிடிக்கும் ஜிபிஎஸ். கேமரா எதுவானாலும் போதும். வண்டியின் அதிர்வு கேமராவின் ஓஐஎஸ்ஸைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவர்களை எச்சரித்திருக்கிறது. நாள் முழுக்க ஹேண்டில்பாரில் மாட்டுகிற போன் விலை குறைந்ததாக இருப்பதே நல்லது.

வாங்கும் இடங்கள்

எஸ்பி ரோடு என்று எல்லோரும் சொல்லும் சதர் பத்ரப்பா சாலை, மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட், பிரிகேட் ரோடு ஷோரூம்கள், 1974-இல் பெங்களூரில் தொடங்கிய சங்கீதா கடைகள், ஹெப்பாள் பக்கம் ஃபீனிக்ஸ் மால் ஆஃப் ஏஷியாவில் 2025 செப்டம்பரில் திறந்த ஆப்பிளின் சொந்தக் கடை. இவற்றில் எஸ்பி ரோட்டை ரிப்பேருக்கும் சாமான்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கன்னடம் தெரியாவிட்டாலும் தமிழிலேயே பேரம் நடக்கும்.

பழைய போன் வாங்கினால் பில்லும் பெட்டியும் இல்லாமல் காசை எடுக்காதீர்கள். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் பில்லிலும் பெட்டியிலும் அதுவேதானா என்று பாருங்கள். பிறகு ஆங்கில எழுத்தில் கே, ஒய், எம் என்று தட்டி, இடைவெளி விட்டு, அந்தப் பதினைந்து இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருடுபோனதாகத் தடைசெய்யப்பட்ட போனா என்பது பதிலில் தெரியும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். 2023 முதல் நாடு முழுக்க இருக்கிறது. உங்கள் போன் தொலைந்தால் முடக்குவதும் அங்கேதான். விற்பவர் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண்முன்னே வெளியேற வேண்டும். ‘வீட்டுக்குப் போய் எடுத்து விடறேன்’ என்றால் நீங்களும் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். உயர்ந்த வகை போன்களின் ஒரிஜினல் டிஸ்ப்ளே மாற்றும் செலவு, ஒரு நல்ல பதினைந்தாயிரம் ரூபாய் போனின் விலையையே தாண்டிவிடலாம். வெளிக்கடையில் டிஸ்ப்ளே குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரிஜினலா, காப்பியா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய ரைட் டு ரிப்பேர் தளத்தில் நிறுவனங்களின் சர்வீஸ், உதிரி பாக விவரங்கள் இருக்கின்றன. விலையுயர்ந்த போன் வாங்குகிறவர் முதல் ஆண்டு டிஸ்ப்ளே காப்பையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்; டெம்பர் கிளாஸும் பவுச்சும் போதும் என்று இருந்துவிட முடியாது.

தவணை

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்ற சொல்லில் பாதிதான் உண்மை. வட்டியே இல்லாமல் கடன் என்று சொல்லி விற்பதை ரிசர்வ் வங்கி 2013-இலேயே தடுத்துவிட்டது. இப்போது நடப்பது இது: வங்கி வட்டி போடும், அந்த வட்டிக்கு ஈடாக விற்பவர் விலையில் தள்ளுபடி தருவார். அறுபதாயிரம் போனை 15 சதவீத வட்டியில் பன்னிரண்டு மாதத் தவணைக்கு எடுத்தால், மாதம் ஐயாயிரம்தான் என்று தோன்றும். ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் 4,600 ரூபாய் வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 830 ரூபாய், உங்கள் கார்டு பில்லில் தனியாக வரும். பிராசஸிங் கட்டணம் அதற்கு மேல். ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும் என்றால் சரி. முழுத் தொகைக்குக் கிடைக்கும் கார்டு தள்ளுபடி தவணைக்கும் உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். பல நேரம் இருக்காது.

என் அளவுகோல் சற்றுக் கடுமையானது. போனின் விலை உங்கள் ஒரு மாதக் கைச்சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தவணையும் வேண்டாம், அந்தப் போனும் வேண்டாம். பெங்களூரில் பதினொரு மாத வீட்டு ஒப்பந்தம் முடிந்து இடம் மாறும்போது புது அட்வான்ஸ் கேட்பார்கள். அந்த மாதம் போன் தவணையும் சேர்ந்து நிற்கும்.

பழைய போன்

எக்ஸ்சேஞ்சில் பழைய ஆண்ட்ராய்டுக்குக் கிடைக்கும் விலை பெரும்பாலும் வருத்தமாகத்தான் இருக்கும். இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் கொடுக்காமல் ஊருக்கு அனுப்புவது மேல், ஆனால் அப்டேட் எத்தனை மாதம் மிச்சம் என்று பார்த்து. அப்பாவின் பென்ஷன் கணக்கு ஓடப்போகும் போனில் பாதுகாப்பு அப்டேட் நின்றிருக்கக் கூடாது. நின்றுவிட்டதென்றால் அதை யூடியூப் பார்க்க மட்டும் கொடுத்துவிட்டு, பாங்க் ஆப்புக்குப் புதிதாக ஒரு பதினைந்தாயிரம் போன் வாங்கிக்கொடுங்கள். பேட்டரியை அனுப்பும் முன் இங்கேயே மாற்றிவிடுங்கள். வாட்ஸப்பைப் புதுப் போனுக்கு நகர்த்தி, படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகே ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். வரிசை மாறினால் ஊரில் போனைத் திறக்கும்போது உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். அதைக் கேட்க அப்பா பக்கத்து வீட்டுப் போனைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.